எம்.எஸ். நோயாளிக்கு இணையம் எப்படி உதவும்: கோவில்பட்டியிலிருந்து ஒரு கையேடு

எனக்கு மல்டிபிள் ஸ்கெலரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். கோவில்பட்டியில் தபால் அலுவலகக் கவுண்டரில் வேலை. என்னைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி மதுரையில் இருக்கிறார். புதிதாக இந்த நோய் என்று தெரிந்தவர்கள் யார் மூலமாகவோ என் நம்பரை வாங்கி அழைப்பார்கள். "அக்கா, எந்த வெப்சைட்டைப் பார்க்கட்டும்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. வெப்சைட் இருக்கட்டும், முதலில் உங்கள் ஃபைலைச் சரிபண்ணுங்கள் என்பேன்.

காரணம் இருக்கிறது. இது ஒரு வாரத்தில் வந்து போகிற காய்ச்சல் இல்லை. நம் உடம்பின் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றிலுள்ள நரம்பு இழைகளின் மேலுறையான மைலினைத் தாக்குகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும், பெண்களுக்கு அதிகம் வரும். வந்த பிறகு வருஷக்கணக்கில் கூடவே இருக்கும். மருத்துவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் முன்பு என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. அந்தப் பழைய கதை உங்கள் கையில் ஒழுங்காக இருந்தால் எந்த ஊர் மருத்துவரும் பத்து நிமிஷத்தில் உங்களைப் புரிந்துகொள்வார். இல்லையென்றால் அந்தப் பத்து நிமிஷமும் கவரைப் பிரித்துத் தேடுவதிலேயே போய்விடும்.

ஃபைல்

எம்.ஆர்.ஐ.யிலிருந்து தொடங்குங்கள். பலர் அறிக்கைத் தாளை மட்டும் பத்திரமாக வைத்துவிட்டு சிடியை எங்கோ போட்டுவிடுகிறார்கள். நரம்பியல் மருத்துவருக்கு வேண்டியது படங்கள். போன வருஷப் படத்தையும் இந்த வருஷப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புதுப் புள்ளி, அதாவது நோய் புதிதாகத் தாக்கிய இடம், வந்திருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியும். ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பயனில்லை. சின்னப் புள்ளிகள் தெரியாது, வாட்ஸ்அப் வேறு படத்தைச் சுருக்கிவிடும்.

இப்போதைய லேப்டாப்களில் சிடி போட இடமே இல்லை. பிரவுசிங் சென்டருக்குப் போய் சிடியை அப்படியே பென்டிரைவில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். உள்ளே டைகாம் என்ற வகைக் கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், பெயரெல்லாம் வெறும் எண்ணாக இருக்கும். குப்பை என்று நினைத்து கடைக்காரர் நாலு ஜேபெக் படத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடுவார். விடாதீர்கள், முழு ஃபோல்டரும் வேண்டும் என்று நின்று வாங்குங்கள். வீட்டுக்கு வந்து அதை கூகுள் டிரைவில் ஏற்றினால் எந்த மருத்துவருக்கும் லிங்க் அனுப்பலாம். சில ஸ்கேன் சென்டர்கள் சிடிக்குப் பதிலாக லிங்க்தான் தருகின்றன. அது சில நாளில் காலாவதியாகிவிடலாம், அதனால் கிடைத்த வாரமே இறக்கி வைத்துவிடுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருஷத்தையும் மாதத்தையும் முன்னால் போடுங்கள். "2023-08 மூளை எம்ஆர்ஐ", "2024-02 ஈரல் ரத்தப் பரிசோதனை" என்று இருந்தால் எல்லாம் தானாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். தாள்களை ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்து, நாலு மூலையும் தெரிகிற மாதிரி ஸ்கேன் ஆப்பில் எடுங்கள். மருந்துக் கடை பில்லை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், அந்த வழவழப்புத் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும்.

இத்தனைக்கும் மேலே, ஒரே ஒரு பக்கச் சுருக்கம். இதை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நாளைக்கு பெங்களூரு மருத்துவரும் படிக்க வேண்டியிருக்கும். முதல் அறிகுறி எந்த மாதம், எந்த வருஷம், எம்.எஸ். என்று உறுதியானது எப்போது, ஒவ்வொரு ரிலாப்ஸும் (நோய் மறுபடி கிளம்பிப் புது அறிகுறி காட்டுவது) எப்போது வந்தது, கண்ணா காலா மூத்திரப்பையா, ஸ்டீராய்டு போட்டார்களா, எவ்வளவு தேறியது. இதுவரை எடுத்த மருந்துகள், நிறுத்தியிருந்தால் ஏன் நிறுத்தினார்கள் என்பதும் வேண்டும். "ஊசி ஒத்துக்கொள்ளவில்லை" என்று எழுதினால் போதாது. ஈரல் அளவு ஏறியதா, ஊசி போட்ட இடம் புண்ணானதா, போட்டும் புதுப் புள்ளி வந்ததா என்பதைப் பொறுத்து அடுத்த மருந்து மாறும். ஹெபடைடிஸ் பி முடிவு, ஜேசி வைரஸ் (சில எம்.எஸ். மருந்துகள் எடுக்கும்போது மூளையைத் தாக்கக்கூடிய கிருமி) பார்த்திருந்தால் அதன் முடிவு, கடைசி ரத்த அணு எண்ணிக்கை, போட்ட தடுப்பூசிகள், அலர்ஜி ஆகியவையும் அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொரு சந்திப்புக்கும் முதல்நாள் திருத்துங்கள். பி.டி.எஃப். ஆக்கி உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துவிடுங்கள். என்னுடையது என் வீட்டுக்காரர் போனிலும் என் மதினி போனிலும் இருக்கிறது.

மத்திய அரசின் ஆபா என்ற சுகாதாரக் கணக்கு எண்ணை இதோடு சேர்த்து எடுத்துவிடலாம். 14 இலக்கம், ஆதார் இருந்தால் போனிலேயே கிடைத்துவிடும். அதில் இணைந்துள்ள மருத்துவமனைகளின் பதிவுகள் உங்கள் கணக்கில் வந்து சேரும். எல்லா மருத்துவமனையும் இணைந்துவிடவில்லை, ஆகவே உங்கள் டிரைவை விட்டுவிடாதீர்கள்.

என்ன படிப்பது

நான் போய்ப் பார்ப்பது சில இடங்கள்தான். லண்டனில் இருக்கும் எம்.எஸ். இன்டர்நேஷனல் ஃபெடரேஷன், அமெரிக்காவின் நேஷனல் எம்.எஸ். சொசைட்டி, பிரிட்டனின் எம்.எஸ். டிரஸ்ட். நம் நாட்டில் 1985-இல் தொடங்கிய மல்டிபிள் ஸ்கெலரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா இருக்கிறது, சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு. வெளிநாட்டுத் தளங்களில் நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் படியுங்கள். விலை, காப்பீடு, சலுகை என்று வரும் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுங்கள், அவை நமக்கு ஆகாது. இங்கே எந்த மருந்து கிடைக்கிறது, என்ன விலை, எப்படி வாங்குவது என்பதெல்லாம் இந்தியச் சங்கத்திடமும் இங்குள்ள நோயாளிகளிடமும்தான் தெரியும்.

ஒரே இரவில் எல்லாவற்றையும் படிக்காதீர்கள். முதல் வாரத்தில் இந்த மூன்று போதும்: ரிலாப்ஸ் என்றால் என்ன, என்னுடையது எந்த வகை, எனக்கு எழுதிய மருந்து என்ன செய்கிறது. இந்நோய் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு வந்து வந்து தணிகிற வகையாகத்தான் தொடங்குகிறது. இது தெரியாமல் சக்கர நாற்காலிப் படங்களைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தவர்கள் என்னிடம் பேசியிருக்கிறார்கள். கூகுள் காட்டும் முதல் படத்தில் உங்கள் எதிர்காலம் இல்லை.

படிப்பது கேள்வி கேட்பதற்காக. படித்து முடித்ததும் ஒரு நோட்டில் மருத்துவரிடம் கேட்கக் கேள்வியாக எழுதுங்கள். டெரிஃப்ளூனமைடு என்பது ஒரு எம்.எஸ். மாத்திரை. "டெரிஃப்ளூனமைடு கெட்டது" என்று எழுதி வைப்பதால் ஒன்றும் ஆகாது. "எனக்குக் குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை இருக்கிறது, டெரிஃப்ளூனமைடு தொடங்கலாமா, ஈரல் பரிசோதனை எத்தனை நாளுக்கு ஒருமுறை?" என்று எழுதினால் பதில் வரும். கர்ப்பத்தில் அந்த மருந்து ஆகாது என்பதால் இளம் பெண்கள் இதைத் தயங்காமல் கேட்க வேண்டும். அத்தை பக்கத்தில் இருக்கிறாரே என்று கூச்சப்பட்டால் எழுதிக் காட்டுங்கள்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் புரிந்துகொள்ள இப்போது பலரும் ஏ.ஐ. சாட்டிடம் கேட்கிறார்கள். ஆங்கில அறிக்கையை எளிய தமிழில் சொல்லச் சொல்வது சரி. பெயர், வயது, மருத்துவமனை எண்ணை மறைத்துவிட்டுப் போடுங்கள். அது சொன்னதை மருத்துவரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவை மட்டும் அதனிடமோ மொழிபெயர்ப்பு ஆப்பிடமோ கேட்காதீர்கள். அறிக்கையில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, ஸ்கேனின்போது ஊசியில் ஏற்றும் காண்ட்ராஸ்ட் மருந்தை ஏற்று ஒளிரும் புள்ளி இருக்கிறதா என்பது. இருந்தால் சமீபத்தில் வீக்கம் வந்திருக்கிறது என்று பொருள். மொத்தம் எத்தனை புள்ளி என்று எண்ணிக் கவலைப்படுவதைவிட, போன ஸ்கேனுக்குப் பிறகு புதிதாக வந்ததா என்று கேளுங்கள்.

கண் நரம்பு பாதித்தவர்களுக்குப் படிப்பதே வேதனை. போனில் எழுத்தைப் பெரிதாக்குங்கள், தமிழில் வாசித்துக் காட்டும் வசதியை ஆன் செய்யுங்கள். சோர்வு உச்சத்தில் இருக்கும் மாலை நேரத்தில் இந்தப் படிப்பு வேண்டாம்.

எதை நம்பக் கூடாது

2009-இல் இத்தாலிய மருத்துவர் பாவ்லோ ஸாம்போனி, கழுத்து ரத்தக்குழாய் அடைப்பால்தான் எம்.எஸ். வருகிறது, அதை விரித்துவிட்டால் தேறலாம் என்றார். செய்தி சமூக ஊடகத்தில் தீயாய்ப் பரவியது. கனடாவிலிருந்து நோயாளிகள் சொந்தச் செலவில் போலந்துக்கும் மெக்சிகோவுக்கும், நம் இந்தியாவுக்கும்கூட வந்து அந்தச் சிகிச்சை செய்துகொண்டார்கள். 2017-இல் அவரே நடத்திய ஆய்வு, அதனால் பலன் இல்லை என்று காட்டியது. நடுவில் போன பணமும் உடம்பும் நோயாளிகளுடையது. யூடியூபில் "நான் எழுந்து நடந்துவிட்டேன்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை. ரிலாப்ஸ் பல நேரம் தானாகவே தணியும். அந்த வாரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதனால்தான் தேறியது என்று தோன்றும்.

ஸ்டெம் செல் விளம்பரங்கள்தான் இப்போது அதிகம் வருகின்றன. சொந்த எலும்பு மஜ்ஜை அணுக்களை எடுத்து, எதிர்ப்பு மண்டலத்தைக் கடும் மருந்தால் அழித்து, திரும்பச் செலுத்தும் சிகிச்சை ஒன்று உண்மையிலேயே உண்டு. தேர்ந்தெடுத்த சிலருக்கு, பெரிய மருத்துவமனையில், ஆபத்தை எல்லாம் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள். "ஒரே ஊசி, மறுநாள் வீட்டுக்கு" என்று லட்சக்கணக்கில் கேட்கும் கிளினிக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் கஷாயம், பொடி என்று சொந்தக்காரர்கள் அன்போடு அனுப்புவார்கள். நம்மிடம் அந்த எதிர்ப்பு மண்டலம் ஏற்கெனவே தவறான இடத்தைத் தாக்கிக்கொண்டிருக்கிறது. மேலும் நம் மருந்துகள் சில ஈரலைச் சோதிப்பவை. சித்த மருந்து எடுப்பதென்றால் என்ன சேர்க்கை என்று கேட்டு, பெயரை உங்கள் ஒரு பக்கச் சுருக்கத்தில் எழுதி, நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவிட்டு எடுங்கள். மறைக்க மட்டும் வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுக்களில் சேருங்கள், அந்தத் துணை தேவை. ஆனால் இன்னொருவர் மருந்தை உங்களுக்கு மாற்றிப் பார்க்காதீர்கள். என்.எம்.ஓ. என்று இன்னொரு நோய் இருக்கிறது. கண்ணும் தண்டுவடமும் பாதிப்பதால் பார்க்க எம்.எஸ். போலவே இருக்கும். எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்றவை அதை மோசமாக்கக்கூடும். அந்நோயைக் கண்டறிய உதவும் அக்வாபோரின்-4 ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை உங்களுக்கு எடுத்தார்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். குழுவில் அறிக்கையைப் போட்டால் பெயரையும் ஆதார் எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

வீடியோவில் மருத்துவரைப் பார்ப்பது

2020 மார்ச்சில் மத்திய அரசு டெலிமெடிசின் வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன்படி பதிவு பெற்ற மருத்துவர் வீடியோவிலும் போனிலும் பார்த்து மருந்துச்சீட்டு தரலாம். சீட்டில் அவர் பதிவு எண் இருக்க வேண்டும். போதைப்பொருள் பட்டியலில் வரும் மருந்துகளுக்கு நேரில்தான் போக வேண்டும். முதல் சந்திப்பையும் மருந்தை மாற்றும் சந்திப்பையும் நேரில் வைத்துக்கொண்டு, நடுவில் வருவதை வீடியோவில் பார்ப்பது எனக்குத் தோதாக இருக்கிறது. வெளியூர்ப் பெரிய மருத்துவமனைக்குப் போவதென்றால், பெங்களூரு நிம்ஹான்ஸ், புதுச்சேரி ஜிப்மர் இரண்டுக்கும் மத்திய அரசின் ஓ.ஆர்.எஸ். என்ற முன்பதிவுத் தளத்திலும், வேலூர் சி.எம்.சி.க்கு அவர்கள் தளத்திலும் முன்பதிவு செய்யலாம். விடியற்காலை டோக்கன் வரிசையில் நிற்பது மிச்சம்.

வீடியோவுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. வீட்டு வராந்தாவில் டேப் வைத்து 25 அடி அளந்து, இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போடுங்கள். சுவரோரமாக, பக்கத்தில் ஒருவர் நிற்க, பத்திரமாக எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்து, போன் ஸ்டாப்வாட்சில் நொடியைக் குறியுங்கள். இது மருத்துவர்களே எம்.எஸ்.ஸுக்குப் பயன்படுத்தும் சோதனை. மாதம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே செருப்போடு செய்யுங்கள். "கொஞ்சம் மெதுவாக நடக்கிறேன் டாக்டர்" என்பதைவிட "மார்ச்சில் 8 நொடி, இப்போது 11" என்றால் அவர் உடனே நிமிர்ந்து பார்ப்பார்.

அன்றைக்கு போனைக் கையில் பிடிக்காமல் எதிலாவது சாய்த்து வையுங்கள், முகம் மட்டுமில்லாமல் கால்வரை தெரியட்டும். முதல் வாக்கியத்திலேயே முக்கியமானதைச் சொல்லிவிடுங்கள். கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருப்பது, அதுவும் மூத்திரம், மலச்சிக்கல், தாம்பத்யம் பற்றியதென்றால், பெரும்பாலும் சொல்லாமலே போய்விடும். மூத்திரப் பிரச்சினைக்கு மருந்து இருக்கிறது, மனச்சோர்வுக்கும் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

ரிலாப்ஸ் சந்தேகம் வந்தால் இணையம் எவ்வளவு உதவும் என்பதைச் சொல்கிறேன். புது அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால்தான் ரிலாப்ஸ் என்று கணக்கு. எங்கள் கரிசல் வெயிலில் சித்திரை மாதம் பஸ்ஸில் நின்று வந்தாலே எனக்கு ஒரு கண் மங்கும், மின்விசிறியடியில் உட்கார்ந்து குளிர்ந்ததும் தெளியும். அது சூட்டினால் வருவது. காய்ச்சலும் மூத்திரத் தொற்றும்கூடப் பழைய அறிகுறிகளைத் திரும்பக் கிளப்பிவிடும். அதனால் ஊரிலேயே மூத்திரப் பரிசோதனை எடுத்து முடிவை அனுப்புங்கள். தொற்று இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். இந்தச் சின்ன வேலைக்கு அரசின் இசஞ்ஜீவனி என்ற வீடியோ மருத்துவச் சேவையில் இலவசமாக மருத்துவரைப் பார்க்கலாம். போன் நம்பரும் ஓ.டி.பி.யும் போதும்.

தொற்று இல்லை, ரிலாப்ஸ்தான் என்றால், வழக்கமாக மெத்தில்பிரெட்னிசலோன் 3 முதல் 5 நாள் ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். இதற்கு நூறு கிலோமீட்டர் போய்ப் படுக்க வேண்டியதில்லை. என் மருத்துவர் வீடியோவில் பார்த்துவிட்டு, இங்குள்ள மருத்துவரிடம் போனில் பேசி, இங்கேயே ஏற்ற ஏற்பாடு செய்தார். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் தினமும் பார்த்தார்கள். இரவு என் சொந்தக் கட்டிலில் தூங்கினேன். இதற்கு முன்னேற்பாடாக, உடம்பு நன்றாக இருக்கும்போதே உள்ளூர் மருத்துவர் ஒருவரைப் போய்ப் பார்த்து, உங்கள் ஒரு பக்கச் சுருக்கத்தைக் கொடுத்து, உங்கள் நரம்பியல் மருத்துவர் நம்பரையும் கொடுத்துவிட்டு வாருங்கள். பார்வை திடீரென்று போவது, கால் மடங்கி எழ முடியாமல் போவது, மூத்திரம் அடைத்துக்கொள்வது, மூச்சுவிடவோ விழுங்கவோ கஷ்டம் என்றால் வீடியோ வேண்டாம், 108-ஐ அழைத்துக் கிளம்புங்கள்.

மருந்து

ஊசி மருந்தை ஆன்லைனில் வாங்கினால், பனிக்கட்டிப் பையோடு வருகிறதா என்று வாங்கும்போதே பிரித்துப் பாருங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து வெதுவெதுப்பாக வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஃபிரிட்ஜில் ஃபிரீசருக்குள் வைக்கக் கூடாது, கதவுத் தட்டிலும் வேண்டாம்.

விலைக்காக மருந்தை நிறுத்த நினைத்தால், நிறுத்தும் முன் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஃபிங்கோலிமோட் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் நோய் கடுமையாகத் திரும்பக்கூடும். டைமெதில் ஃபூமரேட் என்ற எம்.எஸ். மருந்துக்கு இந்தியத் தயாரிப்புகள் குறைந்த விலையில் உண்டு. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்காகக் கிளாட்ரிபின், கிளாட்டிரமர், ரிட்டுக்ஸிமாப் மூன்றையும் சேர்த்தது. "எனக்கு ரிட்டுக்ஸிமாப் பொருந்துமா?" என்று கேட்பது நியாயமான கேள்வி, தயங்காமல் கேளுங்கள். தசை இறுக்கத்துக்கு எழுதும் பேக்லோஃபென் போன்றவற்றை மக்கள் மருந்தகத்தில் விசாரியுங்கள். காப்பீட்டு பாலிசி எடுப்பதென்றால், விலக்குப் பட்டியலில் ஜி35 என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அது நம் நோயின் எண்.

மாற்றுத்திறனாளி அட்டை

நன்றாக நடக்கிறேனே, எனக்கெதற்கு என்று பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கெலரோசிஸ் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. மாற்றுத்திறனாளி அட்டைக்கான மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் தளத்தில் போட்டோ, கையெழுத்து, ஆதார் ஏற்றி விண்ணப்பிக்கலாம். குறைபாட்டு வகை கேட்கும் இடத்தில் பிரவுசிங் சென்டர் பையன் "கை கால் இயக்கக் குறைபாடு" என்று தட்டிவிடப் பார்ப்பான். மல்டிபிள் ஸ்கெலரோசிஸையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை பெறுவோர் பட்டியலில் இந்நோயும் இருக்கிறது. அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது அட்டையில் நோயின் பெயர் சரியாக இருப்பது முக்கியம். நிரமயா காப்பீடு நமக்கும் உண்டு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது.

பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்று சான்று வேண்டும். அதை அளக்கும் மருத்துவக் குழு முன்னால் நீங்கள் நிற்பது சில நிமிஷம். அந்த நேரத்தில் சோர்வும் கண் மங்கலும் மூத்திர அவசரமும் யாருக்கும் தெரியாது. அதனால் நரம்பியல் மருத்துவரிடம் முன்கூட்டியே ஒரு கடிதம் வாங்குங்கள். நடை தூரம், பார்வை அளவு, மூத்திரப்பைக் கட்டுப்பாடு, இ.டி.எஸ்.எஸ். (எம்.எஸ். குறைபாட்டை அளக்கும் அளவுகோல்) மதிப்பெண் ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். அன்று ஊன்றுகோல் வேண்டியிருந்தால் அதோடு போங்கள், வெட்கப்பட்டு வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். தற்காலிகச் சான்று கொடுத்தால் அதில் முடியும் தேதி இருக்கும். வெளியே வந்ததும் போன் காலண்டரில் அதற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு அலாரம் வைத்து, சான்றைப் படமெடுத்து டிரைவில் ஏற்றிவிட்டு பஸ் ஏறுங்கள்.